மச்சான் அறுத்தெறிந்த கொக்கி

என் அக்கா புருஷன் ஜீவராஜைப் பற்றி நல்ல வார்த்தை கேட்க வேண்டுமென்று யாராவது நினைத்தால், தயவுசெய்து என்னிடம் வராதீர்கள். அக்காவைக் கட்டிய நாளிலிருந்து அந்த மனுஷனோடு எனக்கு ஒத்துப்போனதே கிடையாது. நான் ஹட்டனில் ஓட்டோ ஓட்டுகிறவன். நாலு பேரோடு நாலு வார்த்தை பேசாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. மச்சானோ டிக்கோயாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் தேயிலைத் தொழிற்சாலையில் மெஷின் பழுது பார்க்கிற பிட்டர். மெஷின் சத்தத்துக்குள்ளேயே இருந்து பழகிப் பேச்சே மறந்து போனவர். இன்றைக்குக் கேள்வி கேட்டால் நாளைக்குப் பதில் வரும், அதுவும் "ம்" என்று வரும். ஆனால் ஒரு எண்ணம் அந்த மண்டைக்குள் விழுந்துவிட்டால் அவ்வளவுதான். பெரிய துரை வந்து சொன்னாலும் விட மாட்டார். அந்தப் பிடிவாதத்தைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன், திட்டிக்கொண்டேதான் சொல்லுவேன்.

அவர்களுக்கு ஒரே பிள்ளை, தனுஷிகா. பிறக்கும்போதே முதுகுத்தண்டில் குறை. இடுப்புக்குக் கீழே பலமில்லை, சக்கர நாற்காலிதான். ஆனால் கை இரண்டும் இரும்பு மாதிரி. வாய் அதைவிடப் பலம், அது எங்கள் பக்கத்து ரத்தம். பதினோராம் வகுப்பில் எழுதுகிற சாதாரண தரப் பரீட்சையில் அந்தத் தோட்டத்தில் இதுவரை யாரும் எடுக்காத பெறுபேறு எடுத்தாள். நான் ஓட்டோ ஸ்டாண்டில் எல்லோருக்கும் லட்டு வாங்கிக் கொடுத்தேன். பரீட்சை எழுதியது அவளா நானா என்று பசங்கள் கேலி பண்ணினார்கள். பண்ணட்டுமே, எனக்கென்ன!

அந்தப் பரீட்சையில்தான் வினை வந்தது. மண்டபம் மாடியில் இருந்தது. நாலு பேர் அவளை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனார்கள். சின்ன வயதிலிருந்தே அவளை அப்படித் தூக்கிப் போவதுதான் வழக்கம். கடைசி நாளன்று எவனோ ஒருத்தன் அதைப் படமெடுத்து பேஸ்புக்கில் போட்டுவிட்டான். மேலே 'மனிதநேயம் இன்னும் சாகவில்லை' என்று எழுதி, கும்பிடுகிற கை ஒன்றையும் போட்டிருந்தான். தூக்கியவர்களுக்கு ஊரெல்லாம் வாழ்த்து. நடுவில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்த பிள்ளைக்குப் பெயர் என்ன என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. அதைப் போட்டவன் மட்டும் என் ஓட்டோவில் ஏறியிருந்தால் நடுக்காட்டில் இறக்கிவிட்டு வந்திருப்பேன்.

தனுஷிகா அழவில்லை. போனை மூடி வைத்தாள். "இனிமே என்னை யாரும் தூக்கக் கூடாது. அப்பாவும்தான்" என்றாள்.

கோபத்தில் சொல்கிறாள், இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று நாங்கள் நினைத்தோம். உயர்தர வகுப்பு ஹட்டனில் தொடங்கியது. பள்ளிக்கூடத்தில் நல்ல மனுஷர்கள், கீழ்மாடியிலேயே வகுப்பு வைத்துத் தருகிறோம், இடம் இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் வரட்டும் என்றார்கள். ஆனால் தோட்டத்து வரிசை வீடுகளில் அக்கா இருக்கிற லயத்துக்குப் போகிற பாதை இருக்கிறதே, அதைப் பாதை என்று சொன்னால் பாதைக்கே கோபம் வரும். மழைத் தண்ணீர் அரித்து அரித்து கல்லும் குழியுமாகக் கிடக்கும். என் ஓட்டோ பாதி மலையிலேயே மூச்சு வாங்கி நின்றுவிடும். அங்கிருந்து லயம் வரை பிள்ளையைத் தூக்கித்தான் ஆக வேண்டும். தூக்கக் கூடாது என்கிறாள் அவள். அப்படியானால் படிப்பு அவ்வளவுதான். வகுப்பு நடந்துகொண்டிருந்தது, இவள் லயத்து ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அக்கா கிருஷாந்தி கொழுந்து பறித்துவிட்டு வந்து அடுப்படியில் சத்தமில்லாமல் அழுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சான் எனக்குப் போன் எடுத்தார். அவராக எடுத்ததிலிருந்தே விஷயம் பெரிது என்று தெரிந்தது. "கினிகத்தேனைக்குப் போகணும், ஓட்டோவக் கொண்டா" என்றார். எதற்கு என்று கேட்டேன். போன் துண்டிக்கப்பட்டுவிட்டது.

கினிகத்தேனையில் அன்ஸார் நானா என்று ஒரு மளிகைக் கடைக்காரர். அவர் கடைக்குப் பின்னால் செடிகொடி மூடி ஒரு பழைய லேண்ட்ரோவர் ஜீப் கிடந்தது. ஒரு காலத்தில் ஏதோ தோட்டத்துத் துரை ஓட்டியது, பிறகு மரக்கறி ஏற்றியது, அதற்குப் பிறகு கோழி முட்டையிட்டது. நான் சிரித்தேன். மச்சான் சிரிக்கவில்லை. கீழே படுத்து, அடிச்சட்டத்தைத் தட்டித் தட்டிப் பார்த்தார்.

"அதக் கொண்டுபோய் என்னங்க செய்யப் போறீங்க, தம்பி?" என்றார் அன்ஸார் நானா.

"மகளுக்கு."

நானா அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. அவருடைய மிளகாய் மில் பல மாதமாக ஓடாமல் கிடந்தது. அதை ஓட வைத்துத் தந்துவிட்டு ஜீப்பை எடுத்துப் போகச் சொன்னார். மச்சான் மாலைக்குள் மில்லை ஓட வைத்தார். ஜீப்பை டிராக்டரில் கட்டி இழுத்துவர ஏற்பாடு செய்துவிட்டு, நாங்கள் இருவரும் தும்மிக்கொண்டே வீட்டுக்கு வந்தோம்.

வழியில் நான் கேட்டுவிட்டேன். "மச்சான், இந்தப் பழைய இரும்ப வச்சி என்னதான் செய்யப் போறீங்க?"

"தூக்காம ஏத்துவேன். ஊரெல்லாம் கூட்டிட்டுப் போவேன்" என்றார். எனக்குத் தெரிந்து அவர் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

பிறகு நடந்ததெல்லாம் அக்காவுக்குத்தான் தெரியும், அவள் பட்ட பாடு. வேலை முடிந்து வந்தால் ஜீப், லீவு நாளென்றால் ஜீப். எஞ்சினைக் கழற்றிப் போட்டுவிட்டு, பழைய லொறியிலிருந்து எடுத்த ஒரு ஜப்பான் டீசல் எஞ்சினை இறக்கினார். வில்லுப்பட்டைகளை மாற்றினார். பிரேக்கை முழுதாகப் புதிதாகப் போட்டார். நாலு சக்கரத்துக்கும் இழுவை போகிற மாதிரி, துருப்பிடித்து இறுகிப்போன கியர்ப் பெட்டியைப் பிரித்துப் பிரித்துச் சேர்த்தார். அதோடு லயத்து வாசலிலிருந்து பாதை வரைக்கும் படிகளை உடைத்துச் சரிவாக மண்ணடித்து, சிமெந்தும் போட்டார். சாமான் வாங்கி வருவது என் வேலை. ஓட்டோவில் ஆள் ஏற்றிய நாளைவிட அச்சும் டயரும் ஏற்றிய நாள்தான் அதிகம். தனுஷிகா ஜன்னலில் இருந்து பார்ப்பாள், ஒன்றும் கேட்க மாட்டாள்.

பூசைக்கு ஒரு ஞாயிறு குறித்தார்கள். தேயிலைத் தொழிற்சாலைக்காரர்களுக்கு ரோதமுனி என்று ஒரு சாமி உண்டு, சக்கரங்களுக்குக் காவல். அந்தச் சாமியிடம் வைத்த திருநீற்றை ஜீப் நெற்றியில் பூசி, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, தேங்காய் உடைத்தோம். காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கிற பெரட்டுக்குக்கூட அத்தனை பேர் கூட மாட்டார்கள், அவ்வளவு கூட்டம். அக்கா எல்லோருக்கும் சுண்டல் கொடுத்தாள். மச்சான் புதுச் சட்டை போட்டிருந்தார். முகத்தில் சிரிப்புகூட இருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்போது அவர் ஜீப்பின் பக்கவாட்டில் மூடியிருந்த தார்ப்பாய்ப் படங்கை இழுத்தார். கூரையிலிருந்து ஒரு இரும்புக் கை நீண்டிருந்தது. அதில் சங்கிலி, சங்கிலி முனையில் கொக்கி, கொக்கியில் கெட்டித் துணியில் தைத்த ஒரு தொட்டில் மாதிரி இருக்கை. தொழிற்சாலையில் கொழுந்து மூட்டைகளை மேல்மாடிக்கு ஏற்றுகிற அதே ஏற்பாடு! வாழ்நாள் முழுக்க அதற்கு எண்ணெய் போட்டுப் பழகிய மனுஷன். பாரத்தைப் பத்திரமாகத் தூக்க அதைவிட நல்ல வழி உலகத்தில் இல்லை என்று நினைத்துவிட்டார். போதாக்குறைக்கு, அந்தக் கொக்கி மலையில் கொழுந்து நிறுக்கிற பழைய தராசிலிருந்து எடுத்தது. தராசின் வட்ட முகத்தைக்கூடக் கழற்றாமல் அப்படியே விட்டிருந்தார். முள் ஆடிக்கொண்டிருந்தது.

"வாம்மா, நீதான் மொதல்ல ஏறணும்" என்றார்.

கூட்டத்தில் ராசம்மா என்று ஒரு அம்மா, அக்காவோடு கொழுந்து பறிக்கிறவள், வாய்த்துடுக்கு. மலையில் நிறுக்கும்போது சாக்குக்கு இவ்வளவு, தண்ணீருக்கு இவ்வளவு என்று மேற்பார்வை பார்க்கிற கண்டாக்கு கழித்துக் கழித்து எழுதுகிறாரே, அந்த எரிச்சல் எல்லோருக்கும் உண்டு. ராசம்மா தராசைப் பார்த்ததும் கத்தினாள். "சாக்குக்கும் தண்ணிக்கும் கழிச்சிக்கிட்டு எழுதுங்க, கண்டாக்கையா!"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நானும்தான் சிரித்தேன். யார் மனதிலும் கெட்ட எண்ணம் இல்லை, சத்தியமாக இல்லை.

தனுஷிகா அந்தக் கொக்கியைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். "நான் கொழுந்து இல்லப்பா" என்றாள். சத்தம் போடவில்லை. நாற்காலியைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மச்சான் முகத்தில் ஈயாடவில்லை. கூட்டம் சுண்டலோடு கலைந்தது. அக்கா பிடித்துக்கொண்டாள். "ஒரு வார்த்த அவகிட்டக் கேட்டீங்களா? இத்தன மாசம் செஞ்சீங்களே, ஒரு வார்த்த! அவளுக்குத்தானே செய்றீங்க?" எனக்கு அவர்மேல் இரக்கமும் வந்தது, நாலு சாத்து சாத்தலாம் என்றும் வந்தது.

மறுநாள் மாலை நான் அங்கே போனபோது கிரைண்டர் சத்தம் மலையெல்லாம் கேட்டது. மச்சான் ஜீப் கூரையில் ஏறி, அந்த இரும்புக் கையை அறுத்துக்கொண்டிருந்தார். அறுத்து முடித்ததும் கை, சங்கிலி, தராசு, தொட்டில் எல்லாவற்றையும் சேர்த்துக் கீழே பள்ளத்துக்குள் எறிந்தார். "பழைய இரும்புக்காவது போட்டிருக்கலாமே" என்று அக்கா வாசலில் நின்று முனகினாள். மச்சான் காதில் விழுந்த மாதிரி தெரியவில்லை.

அப்போது ஜன்னலிலிருந்து குரல் வந்தது. "கதவு ரொம்பக் குறுகலா இருக்கு. நாற்காலி எப்படிப்பா கிட்ட வரும்?"

மச்சான் கூரையிலிருந்து இறங்கினார். ஜன்னலுக்கு முன்னால் போய் நின்றார். "எவ்ளோ அகலம் வேணும்?" என்று கேட்டார்.

அட மனுஷா! இந்த ஒரு கேள்வியை முதல் நாளே கேட்டிருந்தால் எத்தனை பேருக்கு எத்தனை வேதனை மிச்சம்? ஆனால் கேட்டாரே, அதைச் சொல்ல வேண்டும். அன்றிலிருந்து அவள் சொல்ல, அவர் செய்தார். இடது பக்கக் கதவை அகலமாக வெட்டினார்கள். முன்சீட்டைத் தண்டவாளம் போல இரண்டு இரும்பில் வைத்து, வெளியே இழுத்துக் கீழே இறக்கினால் நாற்காலி உயரத்துக்கு வருகிற மாதிரி செய்தார்கள். மேலே பிடித்துத் தொங்க ஒரு குறுக்குக் கம்பி. அது அப்படி வேண்டாம், இப்படி வேண்டும் என்று அவள் மூன்று முறை கழற்ற வைத்தாள். மச்சான் மூன்று முறையும் "ம்" என்றார்.

முதல் தடவை ஏறும்போது விழுந்துவிட்டாள். கம்பியைப் பிடித்த கை வழுக்கி, நாற்காலிக்கும் சீட்டுக்கும் நடுவில் சிமெந்துத் தரையில் விழுந்தாள். முழங்கை உரிந்து ரத்தம். மச்சான் பாய்ந்தார்.

"தொடாதீங்க!" என்று கத்தினாள்.

அவர் அப்படியே நின்றார். பெற்ற பிள்ளை தரையில் கிடக்க, தகப்பன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பதென்றால் லேசா? அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். தனுஷிகா மெதுவாகப் புரண்டு, நாற்காலியைப் பிடித்து எழுந்து உட்கார்ந்து, ஒரு மூச்சு விட்டுவிட்டு மறுபடி கம்பியைப் பிடித்தாள். இந்த முறை ஏறிவிட்டாள். ஏறிய பிறகுதான் அழுதாள், நாங்களும் கூடவே.

அதற்குப் பிறகு லீவு நாளெல்லாம் ஊர்வலம்தான். தோட்டத்து மேல் பிரிவு மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குப் போனோம். காசல்ரீ அணைக்கட்டுத் தண்ணீர் ஓரத்தில் அடுப்பு மூட்டி சோறு சமைத்தோம். அக்கா வீட்டு அடுக்களையையே ஜீப்பில் ஏற்றி வருவாள். எல்லாம் சரி, ஆனால் தனுஷிகா எங்கே போனாலும் ஜீப்பை விட்டு இறங்க மாட்டாள். ஆட்கள் இருக்கிறார்கள் என்பாள். பள்ளிக்கூடப் பேச்சை எடுத்தால் கண்ணாடியை ஏற்றிவிடுவாள். வகுப்பு தொடங்கி இரண்டு தவணை ஓடிவிட்டது. இன்னும் கொஞ்ச நாள் போனால் இந்த வருஷமே போய்விடும் என்று அதிபர் சொல்லியனுப்பினார். மச்சான் அவளிடம் வற்புறுத்தவில்லை. அடுத்து எங்கே போகலாம் என்று மட்டும் கேட்டார்.

"ஹோட்டன் சமவெளி. மரை மான் பாக்கணும்" என்றாள்.

ஒரு சனிக்கிழமை விடியற்காலையில் புறப்பட்டோம். மச்சான் ஓட்ட, பக்கத்தில் தனுஷிகா, பின்னால் நானும் அக்காவும் ரொட்டியும் கட்டச் சம்பலும் பிளாஸ்க் நிறைய பிளேன்டீயும். நுவரெலியா தாண்டியதும் பனி. பட்டிப்பொலவுக்குக் கொஞ்சம் முன்னால் வாகனங்கள் வரிசையாக நின்றன. மேலேயிருந்து மண் சரிந்து பாதையை மூடியிருந்தது. உருளைக்கிழங்குத் தோட்டத்துக்காரர் ஒருவர் பக்கத்திலிருந்த மண்பாதையைக் காட்டி, சிங்களத்தில் "ஜீப் எக்கட்ட புளுவன்" என்றார். ஜீப்பால் முடியும் என்கிறார். அந்தச் சொல் மச்சானுக்குத் தேனாக இனித்திருக்க வேண்டும், உடனே திருப்பிவிட்டார்.

மேலே ஏறுகிற பாதை. பாதி ஏற்றத்தில் ஊற்றுத் தண்ணீர் குறுக்கே ஓடி, இடம் சேறாகக் கிடந்தது. ஜீப் அதில் இறங்கி, இரண்டு உறுமு உறுமி, அப்படியே புதைந்துவிட்டது. நானும் அக்காவும் இறங்கித் தள்ளினோம். முகமெல்லாம் சேறு அடித்ததே தவிர ஜீப் அசையவில்லை. மச்சான் இறங்கித் தள்ள, நான் ஓட்டினேன். அப்போதும் ஒன்றுமில்லை. கல்லும் மரக்கிளையும் பொறுக்கிச் சக்கரத்துக்கு அடியில் போட்டோம். மூன்று பேரும் சேர்ந்து தள்ளினால் கிளம்பிவிடும் என்று தெரிந்தது. ஆனால் ஓட்ட ஆள் வேண்டுமே? சுற்றிலும் பனியும் உருளைக்கிழங்குச் செடியும்தான், ஒரு ஈ காக்கை இல்லை.

"நான் பிடிக்கிறேன்" என்றாள் தனுஷிகா.

"பைத்தியமாடி ஒனக்கு? காலு?" என்றேன் நான். வாய் தவறி வந்துவிட்டது.

"காலு எதுக்கு மாமா? சின்ன கியர்லயே போட்டு வச்சிட்டு சாவியத் திருப்பினா, கிளட்ச் இல்லாமலே நகரும். அப்பா வாசல்ல அப்படித்தான் முன்னுக்குப் பின்னுக்கு எடுப்பாரு. வேகம் கூட்ட அந்தக் குமிழ இழுக்கணும். சாவிய மூடினா அந்த இடத்துலயே நின்னுரும்." மாதக்கணக்கில் ஜன்னலில் உட்கார்ந்து சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள் என்றா நினைத்தோம்?

மச்சான் ஜீப்பை மிகச் சின்ன கியரில் போட்டுவிட்டு இறங்கிக்கொண்டார். அவள் கம்பியைப் பிடித்து, கியர்க் கம்பிகளுக்கு மேலாக உடம்பைத் தூக்கி, டிரைவர் சீட்டில் போய் உட்கார்ந்தாள். அக்கா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, "முருகா, முருகா" என்றாள். நாங்கள் மூன்று பேரும் பின்னால் போய் முதுகைக் கொடுத்தோம்.

"திருப்பு!" என்றார் மச்சான். ஜீப் ஒரு வெட்டு வெட்டியது. எஞ்சின் பிடித்தது. சக்கரம் சேற்றைத் தின்றது, கிளையைக் கடித்தது, நாங்கள் உயிரைக் கொடுத்துத் தள்ளினோம். சட்டென்று பாரம் விட்டது. நான் முகம் குப்புறச் சேற்றில் விழுந்தேன். தலையைத் தூக்கிப் பார்த்தால் ஜீப் மேலே போய்க்கொண்டிருக்கிறது!

"நிப்பாட்டுடி! ஏய், நிப்பாட்டு!" என்று அக்கா அலறினாள்.

"நிப்பாட்டாத!" என்று ஒரு சத்தம். மச்சான்தான். அந்தத் தொண்டையில் அப்படியொரு சத்தம் இருக்கிறதென்று இத்தனை வருஷத்தில் எனக்குத் தெரியாது. "நின்னா மறுபடி பொதைஞ்சிரும்! மேட்டுக்குப் போ! போம்மா, போ!"

அவள் போனாள். நடக்கிற வேகம்தான், ஆனாலும் சேற்றில் எங்களால் பிடிக்க முடியவில்லை. வழுக்கி விழுந்து எழுந்து மூன்று பேரும் பின்னால் ஓடினோம். ஜீப் ஒரு வளைவில் திரும்பி மறைந்தது. எஞ்சின் சத்தம் நின்றது. ஓடிப்போய்ப் பார்த்தால், கெட்டித் தரையில், பாதை ஓரத்தில், அழகாக நிறுத்தி வைத்திருக்கிறாள். சாவி கையில் இருந்தது. முகம் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

மச்சான் மூச்சு வாங்கிக்கொண்டு கதவுப் பக்கம் போனார்.

"அப்பா, திங்கக்கிழம காலையில என்னை ஸ்கூல்ல விட்டுட்டு வேலைக்குப் போக நேரம் இருக்குமா?" என்று கேட்டாள்.

மச்சான் ஜீப் சக்கரத்தில் முதுகைச் சாய்த்து அப்படியே தரையில் உட்கார்ந்து, சேற்றுக் கையால் முகத்தை மூடிக்கொண்டு விக்கி விக்கி அழுதார். நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு அந்த மனுஷனைப் பிடிக்காது என்று சொன்னேனே, அது பொய்.

அக்காதான் முதலில் தெளிந்தாள். திடீரென்று தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயையோ, யூனிபோம் துணி இன்னும் பெட்டிக்குள்ளயே கெடக்கே! தைக்கவே குடுக்கலயே!"

"திங்கக்கிழமைக்குள்ள எவன்க்கா தச்சுக் குடுப்பான்?" என்றேன்.

"கடையில போய் ஒக்காந்துக்குறேன். தைக்காம எப்படிப் பூட்டுறான்னு பாக்குறேன். எந்திரிங்க, எந்திரிங்க, வண்டியத் திருப்புங்க!"

"அப்ப ஹோட்டன் சமவெளி? மரை?" என்று கேட்டேன். இவ்வளவு சேற்றைத் தின்றுவிட்டு, சமவெளிக்கு இவ்வளவு கிட்ட வந்துவிட்டு, யாருக்குத்தான் மனசு வரும்?

தனுஷிகா கம்பியைப் பிடித்துத் தன் சீட்டுக்கு மாறி உட்கார்ந்துகொண்டாள். "மரை எங்கயும் போயிடாது மாமா" என்றாள். "டெய்லர் கடைய மூடிருவாங்க. ஏறுங்க."